பாக்குக் கிடங்கும் நாட்குறிப்பும்

பொன்னேரியில் ரயில் ஏறிய ஒரு மாலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த அந்த வண்டியில் என் பழைய மாணவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "ஐயா" என்று எழுந்து இடம் தந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்றவர். ஆரம்பாக்கத்தை அடுத்த சிற்றூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சான்றிதழில் ஆங்கிலம். இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அலுவலர். தமிழ் படித்தவனுக்கு வேலை எங்கே என்று கேட்போர்க்குக் காட்டுவதற்காகவே நான் மனத்தில் குறித்து வைத்திருக்கும் சிலருள் ஒருவர்.

என்ன வேலை என்று கேட்டேன். ஊராட்சித் தலைவர்களைப் பார்ப்பது, நிருபர்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதித் தருவது, ஆடித் திருவிழாவுக்கு நன்கொடை, பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, வாயிலில் கூட்டம் கூடினால் முதலில் போய் நிற்பது, வெளிநாட்டிலிருந்து வரும் மேலாளருக்கு ஊர்க்காரர் சொல்வதையும் ஊர்க்காரருக்கு மேலாளர் சொல்வதையும் எடுத்துச் சொல்வது. "எல்லாம் பேச்சுதான் ஐயா. ஆனா ராத்திரி ஒரு பக்கம் எழுதாமத் தூக்கம் வராது. இன்னைக்கு யார்கிட்ட என்ன பேசினேன், என்ன பேசாம விட்டேன்னு எழுதிடுவேன்" என்றார். யாருக்குக் காட்டுவாய் என்றேன். யாருக்கும் இல்லையாம்.

"அப்படியானால் உனக்கு முன்னோர் ஒருவர் இருக்கிறார்" என்று ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது; இரண்டு மதிப்பெண் வினாவாக நினைவிருந்தது. உரைநடை வளர்ச்சி என்னும் தாளில், 'நாட்குறிப்பு இலக்கியத்தின் முன்னோடி யார்' என்று கேட்போம். மாணவர்களும் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்து விடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதரை நாங்கள் வகுப்பில் அறிமுகப்படுத்தியதில்லை என்ற உறுத்தலில் எழுதுவதே இக்கட்டுரை.

மக்கள் தொடர்புத் துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்குகின்றன. 1906-இல் ஐவி லீ வெளியிட்ட கொள்கை அறிக்கை, நிலக்கரி முதலாளிகள், ரயில் நிறுவனங்கள் என்று அந்தக் கதை செல்லும். நமது கடற்கரையில் அந்தத் தொழிலுக்கு அதைவிட முந்நூறு ஆண்டு மூத்த பெயர் ஒன்று உண்டு: துபாசி. இரு பாஷை அறிந்தவர் என்று பொருள். ஆனால் மொழிபெயர்ப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதியே. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்கித் தருவது, படகும் பல்லக்கும் ஏற்பாடு செய்வது, அரசவைகளுக்கு எந்த வரிசையில் என்ன வெகுமதி போக வேண்டும் என்று சொல்வது, ஊரில் வலங்கை இடங்கைச் சண்டை மூண்டால் தணிப்பது, வதந்தி எதுவாயினும் அதை முதலில் அறிவது. இவையெல்லாம் சேர்ந்தவரே துபாசி.

எங்கள் வட்டாரம் இதற்குப் புதியதன்று. வேங்கட மலைக்கு அப்பால் மொழி மாறுகிறது என்று சங்கப் பாடல்களே எல்லை வகுத்திருக்கின்றன. அந்த எல்லையின் மேல்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கும்மிடிப்பூண்டிச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் ஒரே பேரத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியபோது அவர்களுக்கும் நாயக்க அதிகாரிகளுக்கும் இடையில் நின்றவர்கள் இம்மண்ணின் வணிகர்களே. அவர்களுள் பெரியவர் அச்சுதப்பச் செட்டி. மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிப் பெருவணிகராக வளர்ந்தவர். டச்சு ஏடுகள் அவரை 'மலையா' என்று அழைத்தன. வடக்கே ஆர்மகானிலிருந்த ஆங்கிலேயர்கள் 1640-இல் மதராசபட்டணத்துக்குப் பெயர்ந்தபோது அவர்களுக்குத் துணைநின்ற துபாசியாகப் பேரி திம்மப்பாவின் பெயரைச் சொல்வார்கள். அடுத்த நூற்றாண்டில், எங்கள் பெரியபாளையத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படும் பச்சையப்ப முதலியார் சென்னையில் துபாசியாகப் பொருள் ஈட்டி, 1794-இல் இறக்கும்போது அதைத் தருமங்களுக்கு எழுதி வைத்தார். பின்னாளில் அவர் பெயரால் கல்லூரியே எழுந்தது.

திம்மப்பாவும் அச்சுதப்பரும் வாழ்நாளெல்லாம் பேசியிருப்பார்கள். அவர்கள் பேசியதை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதி வைத்ததில்தான் நாம் அறிகிறோம். பச்சையப்பருக்கு ஓர் உயில் இருக்கிறது. நாள்தோறும் தன் கையால் எழுதி, கால் நூற்றாண்டை நமக்கு விட்டுச் சென்றவர் என்று தேடினால் ரங்கப்பிள்ளையிடம் வந்து நிற்போம்.

அவர் பிறந்தது 1709 மார்ச்சு 30-இல், பெரம்பூரில். இன்று சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்வண்டி நிற்கும் அதே பெரம்பூர். தந்தை திருவேங்கடப் பிள்ளை வணிகர். தந்தையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசி. அவருடைய தூண்டுதலில் குடும்பம் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. அங்கே அவர்கள் கண்டது துபாசித் தொழிலின் உச்சத்தை மட்டுமன்று, அதன் படுகுழியையும்.

1716-இல் ஆளுநர் எபேர் நைனியப்பரைச் சிறையில் அடைத்தார். கொடுங்கோன்மை, கலகத்துக்குத் தூண்டியது என்பன குற்றச்சாட்டுகள். யேசு சபைப் பாதிரியார்களுக்கு, கும்பினியின் தலைமைத் துபாசி கிறித்தவரல்லாதவராக இருப்பது பிடிக்கவில்லை. ஆளுநருக்கு அவர்களுடைய தயவு வேண்டியிருந்தது. வழக்கு முழுவதும் பிரெஞ்சு மொழியில் நடந்தது. ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்தவர், தன் தலைக்கு வந்த வழக்கைப் பிறர் மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் சிறையிலேயே இறந்து போனார். திருவேங்கடப் பிள்ளையும் அந்தப் புயலில் சிக்கியவர். நைனியப்பரின் மகன் குருவப்பிள்ளை பிரான்சு வரை சென்று நீதி கேட்டார். அங்கேயே கிறித்தவராகி, அரசரிடம் வீரப்பட்டம் பெற்று, தந்தையின் பதவிக்கே திரும்பி வந்தார். நைனியப்பர் குற்றமற்றவர் என்று தீர்ப்பும் மாறியது. இறந்தவருக்கு அதனால் ஆன பயன் என்ன?

கசையடித் தீர்ப்பு வந்தபோது ரங்கப்பிள்ளை ஏழெட்டு வயதுச் சிறுவன். இந்த நிகழ்ச்சிக்கும் பின்னாளைய நாட்குறிப்புக்கும் தொடர்பு உண்டு என்று அவர் எங்கும் எழுதி வைத்ததாக நான் சொல்லவில்லை. ஆயினும் இடையில் நிற்பவனின் வார்த்தை எவ்வளவு எளிதாக அவன் கழுத்துக்கே கயிறாகும் என்று கண்ட குடும்பம் அது. யார் எப்போது என்ன சொன்னார் என்று தன் மொழியில், தேதியிட்டு, தன்னிடமே ஒரு பிரதி இருக்கட்டும் என்ற எண்ணம் அந்த வீட்டில்தான் பிறக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1736 செப்டம்பர் 6, நள வருடம் ஆவணி 25, வியாழக்கிழமை. அன்று தொடங்குகிறது 'தினப்படி சேதிக் குறிப்பு'. காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, போனது, அதிசயம் நடந்தது, இவற்றையெல்லாம் எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்போது அவர் தலைமைத் துபாசி அல்லர். அந்தப் பதவியில் கனகராய முதலியார் இருந்தார். ரங்கப்பிள்ளை துணி வணிகத்தையும் கும்பினியின் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையையும் கவனித்தவர். ஆக, பதவி கிடைத்ததால் எழுதியவர் அல்லர். எழுதுகிறவருக்குப் பதவி வந்தது.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழியும்? காலையில் ஆளுநர் மாளிகை. துரை காப்பி அருந்தும் வேளையில் அருகில் இருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் ஊர் நிலவரம், ஆர்க்காட்டுச் செய்தி, நெசவாளர் பாக்கி, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கைமாறும். பிறகு கோட்டை. பிறகு தமது பாக்குக் கிடங்கு. இந்தப் பாக்குக் கிடங்கு நாட்குறிப்பு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது. வணிகர்கள், ஒற்றர்கள், வக்கீல்கள், கடன் கேட்போர், பெண் கொடுப்போர், புலவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து காத்திருக்கிறார்கள். மாளிகையில் துரையின் செவியாக இருந்தவர், பாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஊரின் செவியாகிறார். இரவில் ஏடு. இடையில் கும்பினிக் கணக்கு, சொந்த வாணிகம், 'ஆனந்தப் புரவி' என்னும் சொந்தக் கப்பல்.

மனிதருக்கு விருப்பங்கள் பலவாக இருந்தன. பீரங்கி எண்ணுவது அவற்றில் முதன்மையானது என்பேன். எந்தக் கப்பலுக்கு எத்தனை வெடி, எந்த நவாபின் தூதருக்கு எத்தனை, பதிலுக்குக் கப்பல் எத்தனை போட்டது என்று விடாமல் குறிப்பார். முதலில் வாசிக்கும்போது சலிப்பாக இருக்கும். சில நூறு பக்கம் கடந்தபின் புரியும், அந்த எண்ணிக்கைதான் அக்காலத்துச் செய்தித்தாளின் தலைப்பு எழுத்து. பதினைந்து வெடி பெறவேண்டியவருக்கு ஒன்பது போட்டால் அது அரசியல். எங்கள் தொழிற்பேட்டைப் பக்கத்தில் அடிக்கல் நாட்டும் விழாவில் பொன்னாடையின் வரிசை பிசகினால் என்ன நடக்கும் என்று என் மாணவரைக் கேட்டால் தெரியும்.

நாளும் கோளும் பார்ப்பார். ஒருவர் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் அவர் தேடும் முதற்காரணம் கிரகம், இரண்டாவதுதான் புத்தி. விருந்துகளை ஒரு தொழில்காரரின் கண்ணால் அளப்பார். 1745-இல் கனகராய முதலியார் ஒழுகரையில் தாம் கட்டிய கோயிலுக்காக ஊருக்கெல்லாம் விருந்து வைத்தபோது, ஐரோப்பியருக்கு எப்படி, கிறித்தவருக்கு எப்படி, மற்ற சாதியாருக்கு எப்படிப் பந்தி என்று ஒன்றுவிடாமல் பார்த்து வந்து, குறைகளையும் எழுதி வைத்தார். போட்டியாளர் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி மனம்விட்டு எழுத நாட்குறிப்பைவிட நல்ல இடம் ஏது?

புலவர்கள் மீதும் அவருக்குப் பெருவிருப்பம். தியாகராச தேசிகர் அவர்மீது 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' செய்தார். தெலுங்கில் கஸ்தூரிரங்க கவி யாப்பு நூல் ஒன்றை அவர் பெயரால் இயற்றினார். மூன்று மொழியில் புகழ். தன் முதலாளியின் பெயரைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர் தன் பெயரை மட்டும் விட்டுவிடுவாரா? ஒரு தமிழ் ஆசிரியனாக எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. கோவையை இன்று அறிஞர்கள் அன்றி யாரும் புரட்டுவதில்லை. இலக்கணப் பிழையும் கொச்சையுமாக அவரே கிறுக்கி வைத்த ஏடுதான் நிலைத்து நிற்கிறது.

அந்த மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது புலவர் தமிழன்று. பேச்சுத் தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் 'முசே' வரும், பார்வானா வரும், கச்சேரி வரும், போர்த்துகீசியமும் தெலுங்கும் வரும். ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். எங்கள் தலைமுறைத் தமிழ்த்துறைகளில் இதைத் 'தூய்மையற்ற நடை' என்று சொல்லி ஒதுக்கியதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுத் துறைமுகத்தில் மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு வேறு எந்தத் தமிழ் நூலும் இத்தனை நெருக்கமான சான்று தருவதாக எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயதாயிற்று.

1742-இல் துய்ப்ளே ஆளுநராக வந்தார். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். அடுத்த துபாசி யார் என்பதில் மாதக்கணக்கில் இழுபறி. வேலையைச் செய்தவர் ரங்கப்பிள்ளை. பெயருக்கான நியமனம் 1747-இல்தான் வந்தது. இந்த இடைப்பட்ட காலத்துப் பக்கங்களில் துரையை அவர் எப்படிப் புகழ்ந்து பேசினார் என்பதை அவரே விரிவாக எழுதுகிறார். 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்த நாள்களில் அந்தப் புகழ்மாலை உச்சத்துக்குப் போகிறது. வாசிக்கும் நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கூச்சப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முகத்துதியை மேடையில் பேசுகிறவர் ஆயிரம் பேர், அதை அன்றிரவே, தான் பேசியபடியே, யாரும் கேட்காமல் எழுதி வைக்கிறவர் அரிது. அடுத்த பக்கத்திலேயே அதே துரையின் பேராசையையும் அவசர புத்தியையும் குறிக்கிறார். இரண்டும் ஒரே கை.

இவரை 'இந்தியாவின் பெப்பீஸ்' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பீஸுடன் ஒப்பிட்டு வந்த பெயர். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. பெப்பீஸ் குறுக்கெழுத்தில் எழுதினார், ஊரார் வாசித்துவிடக் கூடாதென்று. ரங்கப்பிள்ளைக்குக் குறுக்கெழுத்து தேவைப்படவில்லை. துய்ப்ளேவுக்கு முன் தமிழே போதுமான பூட்டு.

அந்தப் பூட்டுக்கு வெளியே ஓர் ஆள் இருந்தார். துய்ப்ளேவின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தாய்வழியில் சாந்தோம் போர்த்துகீசியக் குடும்பம், தமிழ் பேசத் தெரிந்தவர். தமக்கெனத் தனி ஒற்றர்களை வைத்திருந்தார்; நாட்டு அரசவைகளுடன் கடிதப் போக்குவரத்தும் நடத்தினார். நாட்குறிப்பில் மிக அதிகமாகத் திட்டு வாங்கும் மனிதர் இந்த மதாம்தான். லஞ்சம், சூழ்ச்சி, மதவெறி என்று அவர் மீது ரங்கப்பிள்ளை சுமத்தாத பழியில்லை. வரலாற்று நூல்கள் பலவும் அதை அப்படியே எடுத்தாண்டிருக்கின்றன. நான் சற்றுத் தயங்குவேன். மதாமின் உண்மையான குற்றம், துரைக்கும் ஊருக்கும் இடையில் துபாசி இல்லாமலே ஒரு வழி திறந்துவிட்டதாக இருக்கலாம். மேலாளருக்குத் தமிழ் தெரிந்துவிட்டால் மக்கள் தொடர்பு அலுவலருக்கு என்ன வேலை? ரங்கப்பிள்ளையின் சீற்றத்தில் தொழில் பயமும் கலந்திருக்கிறது. அந்தப் பெண்மணி தமிழில் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் கதை வேறுவிதமாக இருந்திருக்கக்கூடும்.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியில் அந்தச் சீற்றத்தை வெறும் போட்டி என்று தள்ள முடியாது. 1748-இல் அட்மிரல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அந்தப் பரபரப்பில், செப்டம்பர் மாதத்தில், யேசு சபையாரின் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அது நெடுநாளைய தகராறு. அந்தக் கோயிலை அகற்ற வேண்டும் என்று பாதிரியார்கள் முந்தைய ஆளுநர்களிடமும் வற்புறுத்தி வந்தார்கள்; ஊர் கலைந்துவிடும் என்று அஞ்சி அவர்கள் தள்ளிப்போட்டார்கள். போர்க்காலம் வந்ததும் அச்சம் போயிற்று. ஊரின் இந்துக்களில் மிக உயர்ந்த பதவியில் அப்போது இருந்தவர் ரங்கப்பிள்ளை. கோயிலைச் சேர்ந்தவர்கள் அவரைத்தான் நம்பியிருந்தார்கள். இடிப்பு நிற்கவில்லை. ரங்கப்பிள்ளையின் பதவியும் நிற்காமல் தொடர்ந்தது.

அந்த நாள்களின் குறிப்பை வாசித்தவர் மறப்பதற்கில்லை. வெடி எண்ணிக்கை எழுதும் அதே கை, என்ன இடிந்தது, யார் நின்றார், யார் அழுதார் என்று எழுதுகிறது. மதாமையும் பாதிரியார்களையும் மனம் கொதித்துப் பழிக்கிறார். பகலில் மாளிகையில் இருந்த ரங்கப்பிள்ளைக்கும் இரவில் எழுதும் ரங்கப்பிள்ளைக்கும் இடையிலான தூரம் இங்கேதான் மிக அதிகம். அவரை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். நைனியப்பரின் முதுகில் விழுந்த கசையடித் தீர்ப்பு அவர் நினைவில் இருந்திருக்கும். ஆனால் எழுதி வைத்துவிட்டார் என்பதற்காகப் பேசாமல் இருந்ததை மறந்துவிடவும் என்னால் முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வின் உச்சம். 1749-இல் முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பட்டம் அளித்தார். செங்கற்பட்டுக் கோட்டை அதிகாரமும் ஜாகீரும் அவர் பெயருக்கு வந்தன. எங்கள் திருவள்ளூர் 1997-இல் தனி மாவட்டமாகும் வரை செங்கற்பட்டின் பகுதியாகவே இருந்தது என்பதால், கொஞ்சம் உரிமையோடு இந்தச் செய்தியை எழுதுகிறேன். ஆளுநர் மாளிகை முற்றம் வரை பல்லக்கில் செல்லலாம், தங்கப்பூண் பிரம்பு வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் மரியாதைகள். அவற்றையும் கணக்கு வைத்திருக்கிறார்.

பிறகு இறக்கம். 1754-இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். புதிய ஆளுநர்களுக்குப் பழைய துபாசி சுமையானார். 1756-இல் பதவி போயிற்று. உடல்நலமும் கெட்டது. குறிப்பு மட்டும் நிற்கவில்லை. லாலியின் காலம் வந்தது, மீண்டும் ஆங்கிலேய முற்றுகை, ஊரில் பஞ்சம். 1761 சனவரி 12-இல் ரங்கப்பிள்ளை இறந்தார். நான்கு நாள் கழித்து, 16-ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அவர்கள் ஊரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையை எழுத அன்று அவர் இல்லை. குடும்பத்தார் சிலர் அந்த வழக்கத்தைப் பின்னரும் தொடர்ந்தார்கள்.

ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். படியெடுத்தவை பாரிசுக்குப் போயின; சென்னைக்கும் வந்தன. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதல் தொகுதிகளை பிரைஸும் ரங்காச்சாரியும், பின்னவற்றை டாட்வெல்லும் பதிப்பித்தார்கள். துபாசியின் சொந்த மொழி அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் எட்டுத் தொகுதிகளுடன் நின்றது. வாழ்நாளெல்லாம் பிறருக்காக மொழிபெயர்த்தவரைத் தமிழர்கள் நெடுங்காலம் மொழிபெயர்ப்பிலேயே வாசித்தோம். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களில் அந்த உலகை உயிர்ப்பித்தார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-இல் மு. இராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தமிழ்த் தொகுதிகள் வந்தன. இப்போது எங்கள் மாணவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை, ஆசிரியர்களுக்கும்தான்.

புதுச்சேரிக்குச் செல்பவர்கள் கடைத்தெருவில் அவருடைய மாளிகையைப் பார்க்கலாம். நான் இரண்டு முறை தெருவில் நின்று பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் நாட்டு வீடு. மேல்தளம் காரைத்தூண்களோடு ஐரோப்பிய மாளிகை. வீட்டையும் இரண்டு பாஷையில் கட்டியிருக்கிறார் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். தெருவுக்கும் அவர் பெயர்தான். சுற்றிலும் சந்தை இரைச்சல். பாக்கும் விற்கிறார்கள்.

ரயிலில் சந்தித்த மாணவருக்கு, 1748-ஆம் ஆண்டுப் பக்கங்கள் உள்ள தொகுதியை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்து திருப்பித் தந்தார். நெடுநேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "கோயில் இடிச்ச அன்னைக்கு ராத்திரி அவ்வளவு எழுதினாரே ஐயா, பகல்ல ஏன் பேசல?" என்றார்.

நான் நைனியப்பரின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார். ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருத்தி எழுந்து தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறாள். அருகில் இருந்த வெளிநாட்டு மேலாளர், என்ன சொல்கிறார் என்று இவரைக் கேட்டிருக்கிறார். குடிநீர் வசதி வேண்டும் என்று கேட்கிறார் என இவர் ஆங்கிலத்தில் சொன்னாராம். மேலாளர் தலையசைத்துவிட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுக்கலாம் என்று குறித்துக்கொண்டாராம்.

"பாட்டி சொன்னது அது இல்லையா?" என்றேன்.

"இல்ல ஐயா. அவங்க சொன்னத அப்படியே நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"தேதி போட்டிருக்கிறாயா?"

"போட்டிருக்கேன் ஐயா. இந்தப் புஸ்தகம் படிச்ச பிறகு தமிழ்த் தேதியும் சேத்துப் போடறேன்" என்றார். அடுத்த தொகுதியை வாங்கிக்கொண்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்தார்.